ஆஃப்செட்டுக்கு ஃபைல் அனுப்பும் டிசைனர்களுக்கு, அந்த வெள்ளைக் கோடு பற்றி

அன்புள்ள டிசைனர் நண்பர்களுக்கு,

சிவகாசியில் ப்ரீபிரஸ், அதாவது வந்த ஃபைலைச் சரிபார்த்து அச்சுக்குத் தயார் பண்ணுகிற வேலை, பார்ப்பவன் எழுதுகிறேன். நீங்கள் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து முடித்து அனுப்புகிற லேபிளும் கார்ட்டனும் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் நிறத்துக்கு ஒன்றாக அச்சுப் பிளேட் ஆவதற்கு முன்னால் கடைசியாக ஒரு மனிதன் பார்க்கிற கம்ப்யூட்டர் எங்களுடையதுதான். ஆனால் உங்களோடு பேசும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. நடுவில் வேலை கொடுத்த பார்ட்டி இருப்பார், ஆர்டர் பிடித்த ஏஜென்ட் இருப்பார், பிரஸ் மேனேஜர் இருப்பார், நாங்கள் சொல்கிற விஷயம் அவர்களைத் தாண்டி உங்களிடம் வந்து சேர்வதற்குள் "ஃபைல்ல ஏதோ பிராப்ளமாம்" என்று ஒரு வரியாகிவிடும். அதனால்தான் நேராக எழுதுகிறேன்.

விஷயம் ட்ராப்பிங். இரண்டு நிறங்கள் ஒட்டி நிற்கிற இடத்தில் ஒன்று மற்றதற்குள் ஒரு மயிரிழை நுழைந்திருக்க வேண்டும் என்கிற ஏற்பாடு. அது இல்லாததால் வருகிற வெள்ளைக் கோட்டுக்கு இன்றைக்கு மெஷின்காரர் திட்டு வாங்குகிறார். அது நியாயம் இல்லை.

போன சீசனில் ஒரு மசாலா கார்ட்டனின் அச்சடித்த ஷீட்டை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார்கள், பிளேட் வேறு இடத்தில் எடுத்தது. அடர்நீலத் தரை, அதாவது பின்னணி, சியான் (நீல மை) 100 சதவீதம், மெஜந்தா (ரோஜாச் சிவப்பு மை) 70. அதன் மேல் பிராண்டு பெயர் சுத்த மஞ்சளில். மஞ்சள் 100, வேறு எந்த மையும் இல்லை. ஸ்கிரீனில் பளிச்சென்று இருந்திருக்கும், சந்தேகமே இல்லை. ஷீட்டில் லூப் என்கிற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இடது ஓரத்தில் வெள்ளை நூல் ஒன்று, வலது ஓரத்தில் கறுத்த நூல் ஒன்று. மஞ்சள் பிளேட் வலப்பக்கமாக ஒரு துளி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நகர்ந்து விலகிய பக்கம் காகிதம் தெரிகிறது, ஏறிய பக்கம் நீலமும் மஞ்சளும் கலந்து கறுத்துவிட்டது. அந்தக் கறுத்த நூலைப் பார்ட்டி கவனிக்கவே இல்லை, வெள்ளை நூலைத்தான் கை வைத்துக் காட்டினார். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ட்ராப்பிங் என்கிற வேலை முழுக்க இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது: நிறங்கள் கொஞ்சம் ஏறிக்கொண்டால் கண் பொறுத்துக்கொள்ளும், விலகினால் பொறுக்காது.

அதே ஷீட்டில் இன்னொன்றும் பார்த்தோம். ஒரு ஷீட்டில் பல அப், அதாவது ஒரே கார்ட்டனின் பல பிரதிகள், இருக்கும் அல்லவா, மெஷின் ஷீட்டைப் பிடிக்கிற கிரிப்பர் பக்கம் இருந்த கார்ட்டன்கள் சுத்தமாக இருந்தன. வால் பக்கம் போகப் போகத்தான் கோடு. மெஷின்மேன் ரிஜிஸ்டர் போட, அதாவது நிறங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்த, தெரியாதவர் என்றால் ஷீட் முழுக்க ஒரே மாதிரி விலகியிருக்கும். இது காகிதம் விரிந்ததால் வந்தது.

ஆஃப்செட்டில் என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷீட்டின் ஒரு விளிம்பைத்தான் கிரிப்பர் பிடிக்கிறது, மறு விளிம்புக்குப் பிடிமானம் இல்லை. நிறத்துக்கு ஒன்றாக இருக்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் மையைக் காகிதத்துக்கு மாற்றுகிற ரப்பர் பிளாங்கெட் அழுத்துகிறது, மையோடு தண்ணீரும் சேர்ந்து காகிதத்தில் இறங்குகிறது. ஈரம் பட்ட நார் வீங்கும். அதிலும் நாரின் நீளவாக்கில் விரிவதைவிடக் குறுக்குவாக்கில் அதிகம் விரியும். நாலு கலர் மெஷினில் ஒரே ஓட்டமாகப் போனால்கூட முதல் யூனிட்டில் இருந்த ஷீட்டும் நாலாவது யூனிட்டில் இருக்கிற ஷீட்டும் அளவில் ஒன்று கிடையாது. இரண்டு கலர் மெஷினில் அடிக்கும் வேலையாக இருந்தால் இன்னும் மோசம். முதல் இரண்டு கலர் இன்றைக்கு, அடுத்த இரண்டு கலர் நாளைக்கு. நடுவில் ஒரு ராத்திரி முழுக்க அந்தக் காகிதம் அடுக்கில் கிடந்து காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும், அல்லது தன் ஈரத்தை விடும். இங்கே ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் வந்து வேலை சூடு பிடிக்கிற நேரமும், வடகிழக்குப் பருவமழை வருகிற நேரமும் ஒன்றுதான். கந்தக பூமி என்று பெயர் வாங்கிய ஊரில் ஐப்பசியில் திடீரென்று காற்று ஈரமாகும்போது 20க்கு 30 அங்குல ஷீட் என்ன செய்யும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நல்ல மெஷின், நல்ல ஆள், ஏசி போட்ட ஹால் எல்லாம் இருந்தாலும் விலகலைக் குறைக்கலாம், பூஜ்யம் ஆக்க முடியாது.

அதனால் விலகும் என்று எடுத்துக்கொண்டே ஃபைல் தயார் பண்ண வேண்டும். தையல்காரர் தையலுக்கென்று உள்பக்கம் கொஞ்சம் துணி விடுகிறாரே, அதே புத்திதான் ட்ராப்.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். தனித்தனி ஷீட்டாக ஓடுகிற ஷீட்ஃபெட் ஆஃப்செட்டில் ஆர்ட் பேப்பர் வேலைக்கு வழக்கமான தொடக்கம் 0.25 பாயின்ட், அதாவது 0.09 மில்லிமீட்டருக்கும் ஒரு சொட்டுக் குறைவு. 150 லைன் ஸ்கிரீனில், அதாவது அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் வருகிறபோது, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர், ஆக ட்ராப் என்பது அதில் பாதி. கண்ணுக்குத் தெரியாது. இன்டிசைன் சாஃப்ட்வேரில் ட்ராப் ப்ரீசெட்டைத் திறந்தாலும் இதே 0.25தான் முதலில் நிற்கும், கறுப்புக்கு மட்டும் 0.5. செய்தித்தாள் காகிதம், ஃப்ளெக்ஸோவில் ஓடுகிற பாலிதீன் கவர், துணியில் ஸ்கிரீன் பிரின்டிங் என்று போனால் அளவு பல மடங்கு கூடும். எது எவ்வளவு என்பதை அந்த மெஷினை ஓட்டுகிறவரிடம் கேட்பது ஒன்றுதான் வழி.

எந்த நிறம் எதற்குள் போக வேண்டும்? வெளிறிய நிறம்தான் நகர வேண்டும், அடர்ந்த நிறம் தன் உருவத்தோடு அப்படியே நிற்க வேண்டும். ஏனென்றால் ஓரம் எங்கே இருக்கிறது என்று கண் முடிவு பண்ணுவது அடர்ந்த நிறத்தை வைத்துத்தான். நீலத் தரையில் மஞ்சள் எழுத்து என்றால் மஞ்சள் வெளியே பெருக்கும், அது ஸ்ப்ரெட். மஞ்சள் தரையில் நீல எழுத்து என்றால் எழுத்தைத் தொடக் கூடாது, தரையின் மஞ்சள் எழுத்துக்கு அடியில் உள்ளே வரும், அது சோக். எது வெளிறியது என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு பண்ணுவதில்லை. மை எவ்வளவு அடர்ந்தது என்று சொல்ல நியூட்ரல் டென்சிட்டி என்று ஒரு எண் உண்டு. அடோபியின் இங்க் மேனேஜரில் பார்த்தால் மஞ்சளுக்கு 0.16, சியானுக்கு 0.61, மெஜந்தாவுக்கு 0.76, கறுப்புக்கு 1.7 என்று இருக்கும். சியானுக்கும் மெஜந்தாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மஞ்சள் மட்டும் தனியாகக் கீழே கிடக்கிறது, கவனித்தீர்களா? சிக்கலும் வசதியும் இரண்டுமே அங்கேதான் இருக்கின்றன.

வசதியை முதலில் சொல்கிறேன். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் காலங்காலமாக வருகிற மஞ்சளும் குங்குமச் சிவப்பும் இருக்கிறதே, அச்சில் அதைவிடப் பத்திரமான ஜோடி கிடையாது. சிவப்பு என்பது மெஜந்தா 100, மஞ்சள் 100. அதன் மேல் மஞ்சள் எழுத்து என்றால் மஞ்சள் பிளேட்டில் எழுத்தே இல்லை, தரை முழுக்க ஒரே சாலிட். எழுத்தின் வடிவம் மெஜந்தா பிளேட்டில் மட்டும் ஓட்டையாக இருக்கும். மெஜந்தா எங்கே நகர்ந்தாலும் அடியில் மஞ்சள் இருக்கிறது, வெள்ளை தெரிய வழியே இல்லை. ட்ராப்பே தேவைப்படாது. பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்துக்கும் இதே கதைதான். ஒட்டி நிற்கிற இரண்டு நிறத்துக்கும் பொதுவாக ஒரு மை போதுமான அளவு இருந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. அந்த மசாலாக் கார்ட்டனின் மஞ்சளில் கொஞ்சம் மெஜந்தா கலந்து மாம்பழ மஞ்சளாக்கியிருந்தால் விலகின இடம் வெள்ளையாகத் தெரியாமல் ஓர் இளம் சாயலோடு தெரிந்திருக்கும், இவ்வளவு உறுத்தாது.

சிக்கல் சிவப்பும் பச்சையும் நேரடியாக ஒட்டுகிறபோது. போஸ்டரில், பண்டிகை விளம்பரத்தில், ஊறுகாய் லேபிளில் நீங்கள் விரும்பிப் போடுகிற ஜோடி. இரண்டிலும் மஞ்சள் 100 பொதுவாக இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மஞ்சளின் கனம் வெறும் 0.16. விலகினால் அடர்ந்த சிவப்புக்கும் அடர்ந்த பச்சைக்கும் நடுவில் பளீரென்று ஒரு மஞ்சள் கோடு ஓடும், அது வெள்ளைக் கோட்டுக்குச் சற்றும் குறைந்த தொல்லை இல்லை. சரி, ட்ராப் போடலாம் என்றால் சியான் மெஜந்தாவுக்குள் போகும், மூன்று மையும் சேர்ந்து ஏறக்குறையக் கறுப்பாக ஒரு கோடு வரும். ட்ராப்பே கண்ணுக்குத் தெரிகிற ஓரமாகிவிடும். கோட்டின் கனத்தைக் குறைத்துப் போட சாஃப்ட்வேரில் வழி உண்டு, அதைச் செய்கிறோம், ஆனாலும் அது சமாளிப்புத்தான். இந்த இடத்தில் ப்ரீபிரஸ்ஸால் முடிகிறது கொஞ்சம், டிசைனரால் முடிவது நிறைய. எழுத்தைச் சுற்றி ஒரு பாயின்ட் வெள்ளை அவுட்லைன் விடுங்கள், இரண்டு நிறமும் தொடவே தொடாது, துளி விலகினாலும் வெள்ளையின் தடிமன் கொஞ்சம் மாறும், யாருக்கும் தெரியாது. அல்லது கறுப்புக் கோடு கொடுங்கள், அடியில் இரண்டு நிறமும் ஒளிந்து ஏறிக்கொள்ளும். 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்ததை ஒட்டித்தான் இந்த ஊரில் லேபிள் அச்சு வளர்ந்தது. அந்தக் காலத்துத் தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களை எடுத்துப் பாருங்கள், புலியோ மயிலோ உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடும். அழகுக்காக மட்டும் போட்டது இல்லை அது, அந்தக் கோட்டுக்கு அடியில்தான் நிறங்களின் விலகல் எல்லாம் மறைந்து கிடக்கும்.

அப்புறம் கறுப்பு. எங்களுக்கு வருகிற ஃபைல்களில் பாதித் தகராறு கறுப்பில்தான். சின்ன எழுத்துக் கறுப்பு என்றால் கே, அதாவது கறுப்பு மை, 100 மட்டும், ஓவர்பிரிண்ட், அவ்வளவே. தரை நிறத்தில் எழுத்துக்கென்று ஓட்டை வெட்டாமல் மேலேயே அடித்துவிட்டால் விலகலாவது ஒன்றாவது. இன்டிசைன் இதைத் தானாகவே செய்யும், அதில் உள்ள பிளாக் ஸ்வாட்சை நீங்கள் பயன்படுத்தினால். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபி நிறத்தில் டிசைன் முடித்துவிட்டுக் கடைசியில் அச்சின் நாலு மையான சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது. ஆர்ஜிபி கறுப்பு ஃபோட்டோஷாப்பின் வழக்கமான செட்டிங்கில் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நாலு பிளேட்டிலும் பரவிவிடும். ஆறு பாயின்ட் எழுத்தில் "உட்பொருட்கள்: மிளகாய், மல்லி, மஞ்சள்" என்று ஒரு வரி, அது நாலு பிளேட்டில். நாலும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காராது. எழுத்தைச் சுற்றி ஒரு பக்கம் சிவப்பு நிழல், மறுபக்கம் நீல நிழல். இதற்கு எந்த ட்ராப்பும் உதவாது, ஃபைலைத் திருத்துவது ஒன்றே வழி. அந்த எழுத்து ஜேபெக் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

பெரிய கறுப்புக்கு விதி வேறு. தலைப்பு ஒன்று பாதி மஞ்சள் மேலும் பாதி வெள்ளை மேலும் படுத்திருக்கிறது என்று வையுங்கள், கே 100ஐ ஓவர்பிரிண்ட் பண்ணினால் மஞ்சள் மேல் ஒரு கறுப்பும் வெள்ளை மேல் வேறு கறுப்புமாகத் தெரியும். அங்கே சியான் 40 அல்லது 60 சேர்த்து ரிச் பிளாக் வைப்பது நல்லது. ஆனால் அந்த ரிச் பிளாக்கில் வெள்ளை எழுத்து ரிவர்ஸில், அதாவது மை விழாத ஓட்டையாக, வருகிறதா, அப்போது மற்ற மைகளைக் கறுப்பின் ஓரத்திலிருந்து துளி உள்ளே இழுத்துவிட வேண்டும், எழுத்தின் ஓரம் கறுப்பு மையால் மட்டும் அமைய வேண்டும். ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றுகிற ரிப் சாஃப்ட்வேரில் இதற்கு வசதி உண்டு. இருந்தாலும் ஏழு பாயின்ட் வெள்ளை எழுத்தை நாலு கலர் கறுப்பில் வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலம் பார்த்துப் பழகிய அளவுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். ண, ணை, ஞ இவற்றின் சுழிகளுக்குள் இருக்கிற வெற்றிடம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஆறு பாயின்ட்டில் சுழிக்குள் இரண்டு பக்கமிருந்தும் ட்ராப் 0.25 உள்ளே வந்தால் சுழி அடைபட்டுப் போகும். ரிவர்ஸில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதே, தரையின் நாலு மையில் ஏதாவது ஒன்று அரை முடி நகர்ந்தாலும் அது காணாமல் போகும். "பால்" என்று இருக்க வேண்டியது "பால" என்று நிற்கும். மருந்துக் கார்ட்டனில் அளவு எழுதியிருக்கிற வரியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரிச் சின்ன எழுத்துக்குத் தரையை ஒரே மையில் வையுங்கள், முடியாவிட்டால் கொஞ்சம் தடித்த எழுத்துருவாக எடுங்கள், அதுவும் முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

வெள்ளை ஓவர்பிரிண்ட் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பாக இருந்த லோகோவுக்கு யாரோ எப்போதோ ஓவர்பிரிண்ட் போட்டிருப்பார்கள், நீங்கள் அதை எடுத்து வெள்ளையாக நிறம் மாற்றிப் பயன்படுத்துவீர்கள், ஓவர்பிரிண்ட் கூடவே வந்துவிடும். ஸ்கிரீனில் லோகோ தெரியும். வெள்ளை என்பது மை இல்லாத இடம்தானே, மை இல்லாததைத் தரையின் மேல் அடித்தால் தரைதான் மிஞ்சும், பிளேட்டில் லோகோவே இருக்காது. கோரலிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இது தினசரி நடக்கிறது. சில ரிப் இதைப் பிடித்துச் சரி பண்ணும், எல்லா இடத்திலும் அந்த செட்டிங் ஆனில் இருக்கும் என்று நம்பாதீர்கள். அக்ரோபேட் ப்ரோவில் அவுட்புட் ப்ரிவியூவைத் திறந்து ஒவ்வொரு பிளேட்டாக அணைத்து அணைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கம், வெள்ளி மைக்கும் ஃபாயிலுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டாலிக் மை அடியில் இருப்பதை மறைக்கும், அதனால் அதை இங்க் மேனேஜரில் ஒபேக் என்று குறித்துவிடுங்கள், மற்ற நிறங்கள் அதற்கு அடியில் போகும்படி ட்ராப் அமையும். ஃபாயில் வேறு மெஷினில், வேறு நாளில் ஏறுகிறது, அதன் விலகல் ஆஃப்செட் விலகலைவிடப் பெரியது. ஃபாயில் வருகிற இடத்தில் தரை நிறத்தைச் சரியாக வெட்டி வெள்ளை விட்டு அனுப்பாதீர்கள், நிறம் அடியில் ஓடட்டும்.

இனி யார் இந்த வேலையைச் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருப்பது இதுதான். ஃபிலிம் இருந்த காலத்தில் இது ஒருவருடைய வேலை என்று தெளிவாக இருந்தது. கான்டாக்ட் ஃப்ரேமில் இரண்டு ஃபிலிமுக்கும் நடுவில் தெளிந்த ஷீட் ஒன்றை வைத்து ஒளியைக் கசியவிட்டு உருவத்தை ஒரு முடி பெருக்கவோ சுருக்கவோ செய்வார்கள், அது கேமரா ரூம்காரரின் கைத்திறன். இப்போது டிசைனர் ஓரிடம், பிளேட் எடுக்கிற சிடிபி சென்டர் ஓரிடம், அச்சடிக்கிற பிரஸ் ஓரிடம். டிசைனர் நினைக்கிறார், ரிப் பார்த்துக்கொள்ளும் என்று. பிரஸ் நினைக்கிறது, வந்த பிளேட்டை ஓட்டுவதுதான் நம் வேலை என்று. சிடிபி சென்டருக்கோ அந்தப் பிளேட் எந்த மெஷினில், எந்தக் காகிதத்தில், எத்தனை ஓட்டமாகப் போகப்போகிறது என்று பல சமயம் யாரும் சொல்வதே இல்லை. பிரினர்ஜி, அப்போஜி மாதிரிப் பெரிய ப்ரீபிரஸ் ஒர்க்ஃப்ளோ சாஃப்ட்வேர்களில் ட்ராப்பிங் நன்றாகவே நடக்கும், ஆனால் அந்த வசதியை எல்லோரும் வாங்கி வைத்திருப்பதில்லை, வாங்கி வைத்த இடத்திலும் வேலை அவசரத்தில் அதை ஓட்டாமல் விடுவது உண்டு. இங்கே எங்கள் தொழில்காரர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ட்ராப் போட்டோமா இல்லையா என்று பிளேட்டோடு ஒரு சீட்டு எழுதி அனுப்புகிற வழக்கம் எத்தனை சென்டரில் இருக்கிறது?

ப்ரூஃபிலும் இது தெரியாது. இன்க்ஜெட் ப்ரூஃபில் எல்லா மையும் ஒரே ஹெட்டிலிருந்து ஒரே ஓட்டத்தில் விழுகிறது, விலக வழியில்லை. "டிஜிட்டலில் நூறு பிரதி போட்டோம், நன்றாக இருந்தது, ஆஃப்செட்டில்தான் கெடுத்துவிட்டார்கள்" என்று பார்ட்டி சொல்வது இதனால்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ப்ரூஃபைப் பார்க்கிற நீங்கள் சொல்லலாம் அல்லவா?

நீங்களே ட்ராப் போட்டு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையில் பெரும்பாலான வேலைகளுக்குப் போடாமல் அனுப்புவதே நல்லது. எந்த மெஷினில் ஓடும் என்று தெரியாமல் அளவு முடிவு பண்ண முடியாது. தவிர, பாதி தெரிந்து போடுகிற ட்ராப் எங்களுக்கு இன்னும் கஷ்டம். இல்லஸ்ட்ரேட்டரில் 0.25 ஸ்ட்ரோக் போட்டு ஓவர்பிரிண்ட் கொடுத்துவிட்டு 0.25 ட்ராப் ஆயிற்று என்று நினைக்கிறார்கள், ஸ்ட்ரோக் பாத்தின், அதாவது உருவத்தின் ஓரக் கோட்டின், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக விழுகிறது, வெளியே வருவது 0.125தான். கால் பாயின்ட் வேண்டுமென்றால் அரைப் பாயின்ட் ஸ்ட்ரோக். பிறகு அந்த லேபிளையே மூன்று மடங்கு பெரிதாக்கிப் போஸ்டருக்குப் போடும்போது ட்ராப்பும் மூன்று மடங்காகி ஓரத்தில் கறுத்த கரையாக நிற்கும். இன்னொன்று, அச்சுக்கென்று உள்ள ஸ்டாண்டர்டான பிடிஎஃப் எக்ஸ் எடுக்கும்போது ட்ராப் ஆனதாகக் குறிக்க ஒரு கட்டம் இருக்கும். அந்த ஸ்டாண்டர்டில் இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் இருந்தே தீர வேண்டும், தெரியாது என்று விட முடியாது. தெரியாமல் டிக் அடித்துவிட்டால் எங்கள் சிஸ்டம் அதை நம்பி ட்ராப்பிங் இல்லாமலே தாண்டிப் போகலாம். போடவில்லை என்றால் டிக் அடிக்காதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது, ட்ராப் போட இடம் கொடுக்கிற ஃபைல். எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும் அல்லது வெக்டராக இருக்கட்டும், மொத்த டிசைனையும் ஒரே ஜேபெக்காகத் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஏஐயில் உருவாக்கிய படத்துக்குள்ளேயே எழுத்தும் பட்டையும் பார்டரும் வந்து விழுகிற ஃபைல்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. அதில் ஓரம் என்று எதையும் பிடிக்க முடியாது, எழுத்தை மட்டுமாவது அதிலிருந்து நீக்கிவிட்டு மேலே புதிதாக அடியுங்கள். நிழல், ட்ரான்ஸ்பரன்ஸி எல்லாம் வைத்திருந்தால் பிரஸ் ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில் பிடிஎஃப் எக்ஸ்-4 கொடுங்கள், பழைய எக்ஸ்-1ஏவில் அவை துண்டு துண்டாக நொறுங்கி வரும்.

சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று. கிண்டியில் அச்சுத் தொழில்நுட்பத் துறை இருக்கிறது, தரமணியில் அச்சுப் பயிலகம் இருக்கிறது, அங்கே படித்து வருகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் ஃபைல் தயாரிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் விஸ்காம் படித்தவர்கள், சாஃப்ட்வேர் சென்டரில் கற்றவர்கள், வீட்டில் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றவர்கள். அவர்களுக்குப் பிளேட்டைக் கண்ணால் காட்டுங்கள். ஒரு அரை நாள் ஏதாவது ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போய் மேக்ரெடி, அதாவது ஓட்டத்துக்கு முன் மெஷினைச் சரிபண்ணுகிற வேலை, நடக்கும்போது பக்கத்தில் நிறுத்துங்கள், முதல் ஐம்பது ஷீட்டில் நாலு நிறமும் எப்படித் தடுமாறி ஒன்று சேர்கின்றன என்று பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு நீலத் தரையில் மஞ்சள் எழுத்தை யோசிக்காமல் வைக்காது.

மற்றபடி அடுத்த ஃபைலை அனுப்பும்போது மெயிலில் மூன்று விஷயம் எழுதுங்கள், போதும்: ட்ராப் போட்டிருக்கிறதா இல்லையா, எந்தக் காகிதத்தில் எத்தனை கலர் மெஷினில் ஓடப்போகிறது, ஓவர்பிரிண்ட் வேண்டுமென்றே வைத்த இடங்கள் எவை. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பார்ட்டியிடம் பிரஸ்ஸின் நம்பரை வாங்கி மெஷின்மேனிடமே கேளுங்கள், மாலை ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கூப்பிட்டால் பொறுமையாகச் சொல்வார்.

அன்புடன்,
சிவகாசியிலிருந்து ஒரு ப்ரீபிரஸ் ஆபரேட்டர்